வெறும் துப்பாக்கி மோகம்தானா? அமெரிக்கப் பழமைவாதிகளின் மனக்குறை குறித்து

சென்ற வாரம் எங்கள் துறைக் கருத்தரங்கில் ஆய்வு மாணவர் ஒருவர் அமெரிக்க ஆட்சிமுறை பற்றிக் கட்டுரை வாசித்தார். நல்ல உழைப்பு. ஆனால் 2021 இல் பைடன் பதவியேற்றதும் பழமைவாதிகளிடையே எழுந்த கொந்தளிப்பை, துப்பாக்கி மோகமும் பணக்காரர்களின் வரி வெறுப்பும் கலந்த கூச்சல் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். விடுதிக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. அதன் விளைவே இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசிக்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பழமைவாதி அல்லன். துப்பாக்கி குறித்தும் வரி குறித்தும் அவர்களுடைய முடிவுகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் அவர்களுடைய கோபத்திற்குள் அரசமைப்புச் சார்ந்த ஒரு கேள்வி இருக்கிறது: மக்கள் தேர்ந்தெடுத்த அவை வாக்களிக்காத ஒன்றை, ஆட்சித்தலைவரின் கையெழுத்தோ ஒரு துறையின் விதியோ குற்றமாக்க முடியுமா? அதைக் கேட்டவர்கள் நேர்மையாகக் கேட்டார்களா என்பது வேறு செய்தி. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

2021 சனவரி 20 அன்று, பதவியேற்ற சில மணி நேரத்திலேயே, பைடன் 17 ஆணைகளிலும் அறிவிக்கைகளிலும் கையெழுத்திட்டார். பாரிஸ் காலநிலை உடன்படிக்கைக்குத் திரும்புதல், கீஸ்டோன் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தின் அனுமதியை நீக்குதல், எல்லைச் சுவர் கட்டுமானத்தை நிறுத்துதல் எல்லாம் அவற்றுள் அடங்கும். இதே பைடன், 2020 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சில காரியங்களை நிர்வாக ஆணையால் செய்ய முடியாது, செய்தால் அது சர்வாதிகாரம் ஆகிவிடும் என்ற பொருளில் பேசியிருந்தார். அவர் அதைச் சொன்னது வரியைப் பற்றிய உரையாடலில் என்பதை மறந்து, பழமைவாத ஊடகங்கள் பல வாரங்கள் அந்தப் பேச்சையே ஒளிபரப்பின. இந்த முதல்நாள் ஆணைகளில் பெரும்பாலானவை முந்தைய குடியரசுத் தலைவரின் ஆணைகளை நீக்கும் ஆணைகளே. ஒரு கையெழுத்தால் வந்தது இன்னொரு கையெழுத்தால் போவதில் வியப்பு இல்லை. ஆகவே அந்தப் பகுதியில் நான் நிற்கப்போவதில்லை.

நிற்க வேண்டிய இடம் துப்பாக்கி. 2021 மார்ச்சில் அட்லாண்டாவில் 8 பேரும், சில நாள் கழித்துக் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் ஓர் அங்காடியில் 10 பேரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஏப்ரலில் பைடன் சில நடவடிக்கைகளை அறிவித்தார். வீட்டில் பொருத்திக்கொள்ளும் வகையில் உதிரியாக விற்கப்படும், வரிசை எண் இல்லாத 'பேய்த் துப்பாக்கி'களைக் கட்டுப்படுத்துவது ஒன்று. கைத்துப்பாக்கியின் பின்புறம் பொருத்தும் 'பிரேஸ்' என்னும் தாங்கியைப் பற்றிய விதி இன்னொன்று. போல்டர் கொலையாளி பயன்படுத்தியதும் அத்தகைய தாங்கி பொருத்திய ஆயுதமே.

இந்தத் தாங்கியின் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. ஒரு கை வலுவிழந்த முன்னாள் படைவீரர் சுடுவதற்கு உதவியாக அது முதலில் உருவானது. துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் நடுவண் பணியகமான ஏ.டி.எஃப்., 2012 இல் எழுத்து மூலமாக அதற்கு இசைவு அளித்தது. தாங்கி பொருத்தினாலும் அது கைத்துப்பாக்கியே என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அதை நம்பி மக்கள் வாங்கினர். புழக்கத்தில் இருப்பவை சுமார் 30 லட்சம் எனப் பணியகமே பின்னர் மதிப்பிட்டது. 2023 சனவரியில் வெளியான புதிய விதி அவற்றில் பெரும்பாலானவற்றைக் 'குறுங்குழல் ரைபிள்' என்று வகைமாற்றியது. குழலின் நீளம் 16 அங்குலத்திற்குக் குறைந்த ரைபிளைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது 1934 ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

அந்த 1934 ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையில் ஒரு வரிச் சட்டம் என்பதை நம் வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை. மதுவிலக்குக் காலக் கொள்ளைக்கூட்டங்களை ஒடுக்க விரும்பிய அரசு, துப்பாக்கியை நேரடியாகத் தடைசெய்யும் அதிகாரம் நடுவண் அரசுக்கு உண்டா என்ற ஐயத்தால் வரியின் வழியாக நுழைந்தது. ஓர் ஆயுதத்திற்கு 200 டாலர் வரி. அந்நாளில் அது ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலைக்கு ஏறத்தாழ நிகர். 1937 இல் உச்ச நீதிமன்றமும் அதை வரிச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. துப்பாக்கியும் வரியும் நிர்வாக அதிகாரமும் ஒரே முடிச்சில் கட்டுண்டிருப்பது அன்றிலிருந்துதான். பழமைவாதிகள் இம்மூன்றையும் சேர்த்தே பேசுவது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். அவர்களுடைய சட்ட வரலாறு அவ்வாறு அமைந்திருக்கிறது.

இனி ஒரு சாதாரண உரிமையாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அரசு எழுத்தில் கொடுத்த உறுதியை நம்பி ஒரு பொருளை வாங்கினார். பத்தாண்டு கழித்து, நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குக்கூட எண்ணப்படாமல், சட்டத்தில் ஒரு சொல்லும் மாறாமல், அதே அலுவலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 2023 மே 31க்குள் பதிவு செய்ய வேண்டும், அல்லது தாங்கியைக் கழற்றி அழிக்க வேண்டும். தவறினால் குற்றவாளி. 200 டாலர் வரியைத் தள்ளுபடி செய்திருந்தும் பதிவுக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சமே. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் கழற்றினர், பலர் நீதிமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். 2024 சூனில் டெக்சாஸ் நடுவண் நீதிமன்றம் ஒன்று விதியையே நீக்கியது. துப்பாக்கியின் இடத்தில் ஒரு புத்தகத்தையோ, ஒரு மருந்தையோ, ஒரு குடியுரிமை ஆவணத்தையோ வைத்துப் பார்த்தால் இந்தக் கோபத்தின் நியாயம் நமக்கு எளிதில் விளங்கும். நம்மில் பலர் அவ்வாறு வைத்துப் பார்க்க மறுப்பது துப்பாக்கியின் மீதுள்ள வெறுப்பால். அந்த வெறுப்பு எனக்கும் உண்டு.

இதுவரை வழக்கு அவர்கள் பக்கம் வலுவாகவே நிற்கிறது. அடுத்து வருவதுதான் சங்கடமானது.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 60 பேர் உயிரிழந்தனர். கொலையாளி 'பம்ப் ஸ்டாக்' என்னும் கருவியைப் பயன்படுத்தியிருந்தான். துப்பாக்கியின் பின்னுதைப்பைப் பயன்படுத்தி விசையை மிக வேகமாக மீண்டும் மீண்டும் இயங்கச் செய்யும் கருவி அது. அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்று ஏ.டி.எஃப். முந்தைய ஆண்டுகளில் பலமுறை எழுத்து மூலம் கூறியிருந்தது. 2018 இல் குடியரசுத் தலைவர் டிரம்ப் அதைத் தடைசெய்யுமாறு நீதித்துறை அமைச்சகத்திற்கு உத்தரவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் விதி வெளியானது. 2019 மார்ச்சுக்குள் அழிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும். பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வாய்ப்பே இல்லை, ஏனெனில் பொதுமக்கள் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவு செய்வதை 1986 ஆம் ஆண்டுச் சட்டம் மூடிவிட்டது. இழப்பீடும் இல்லை. ஆக, சட்டத்தின் ஒரு சொல்லும் மாறாமல் உரிமையாளரைக் குற்றவாளியாக்கும் இந்த உத்தியில், டிரம்ப் ஆட்சியின் விதி பைடன் ஆட்சியின் விதியைவிடக் கடுமையானது.

அப்போது எழுந்த கூச்சல் எவ்வளவு? 'கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா' போன்ற சில அமைப்புகளும் சில தனிமனிதர்களும் வழக்குத் தொடுத்தனர். நாட்டின் மிகப் பெரிய துப்பாக்கி அமைப்பான தேசிய ரைபிள் சங்கம் என்ன செய்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கொலை நடந்த சில நாள்களிலேயே, இக்கருவிகளைக் கூடுதல் ஒழுங்குமுறைக்கு உட்படுத்துவது பற்றி ஏ.டி.எஃப். ஆராய வேண்டும் என்று அச்சங்கமே அறிக்கை விட்டது. ஏன்? நாடாளுமன்றம் சட்டம் இயற்ற முற்பட்டால் அது பம்ப் ஸ்டாக்கோடு நிற்காது என்ற அச்சம் என்பதே என் வாசிப்பு. அவையின் வாசலை அடைப்பதற்காக அலுவலகத்தின் வாசலைத் திறந்துவிட்டார்கள். ஐந்தாண்டு கழித்து அதே வாசல் வழியாகத்தான் பைடனின் விதி நுழைந்தது.

டெக்சாஸைச் சேர்ந்த கார்கில் என்ற துப்பாக்கி வணிகர் தொடுத்த வழக்கில் 2024 சூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் டிரம்ப் காலத் தடையை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தாமஸ். உடன்பட்டுத் தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி அலிட்டோ, தீர்வு எளிது, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்றார். நான்கு நாள் கழித்துச் செனட்டில் அந்தத் திருத்தத்தை ஒருமனதாக நிறைவேற்ற ஜனநாயகக் கட்சியினர் முயன்றபோது குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து தடுத்தார். நீதிமன்றத்தில் நின்று 'அவைக்குப் போ' என்பதும், அவையில் நின்று கதவைத் தாழிடுவதும் ஒரே முகாமாக இருந்தால், அவர்களுடைய அரசமைப்புப் பற்றை எந்தக் கணக்கில் வைப்பது?

முற்போக்கு நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானமும் இங்கிருந்தே பிறக்கிறது. செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும், அவை கிடைப்பதில்லை, பிணங்கள் விழுந்துகொண்டிருக்கும்போது ஆட்சித்தலைவர் கைகட்டி நிற்க முடியாது என்பது அந்தச் சமாதானம். மனித உயிர் என்ற அளவில் அது என்னை அசைக்கிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டபின், 2022 சூனில் இரு கட்சி இணக்கத்தோடு ஒரு சட்டம் நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 15 செனட்டர்கள் ஆதரித்தனர். சிறிய சட்டந்தான். 21 வயதுக்கு உட்பட்டோர் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் பின்னணிச் சரிபார்ப்பு, மாநிலங்களுக்கு நிதி என்ற அளவில் நின்றது. தாங்கி விதியோ ஆரவாரத்தோடு வந்து மறைந்துவிட்டது. பேய்த் துப்பாக்கி விதி மட்டும் 2025 மார்ச்சில் 7-2 என்ற கணக்கில் தப்பியது. அத்தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி கோர்சச். 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களே அதற்கு இடம் தருகின்றன என்பதே அவர் கண்ட காரணம்.

வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏனெனில் வரியில் பழமைவாதிகளின் புலம்பல் பெரும்பாலும் வெற்றி பெற்றவர்களின் புலம்பல். 2017 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவன வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21க்குக் குறைத்தது. அதை 28 ஆக்க வேண்டும் என்றார் பைடன். பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுவோரின் மூலதன ஆதாயத்திற்கு ஊதிய வருமானத்திற்கு நிகராக வரி வேண்டும் என்றார். தந்தை வாங்கிய நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு, அது மகனுக்கு மாறும்போது வரியே இல்லாமல் போகும் ஏற்பாட்டையும் மாற்ற முனைந்தார். உழவர் குடும்பங்களின் பெயரைச் சொல்லி எதிர்ப்பு எழுந்தது. ஊரகத் தொகுதிகளின் ஜனநாயகக் கட்சியினரே பின்வாங்கினர். செனட்டர்கள் மன்சினும் சினமாவும் முட்டுக்கட்டை இட்டனர். 2022 ஆகஸ்டில், துணைத் தலைவர் ஹாரிஸின் வாக்கோடு 51-50 என்று நிறைவேறிய சட்டத்தில் எஞ்சியது, மிகப் பெரிய நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரியும், வருமான வரித் துறைக்கு ஏறத்தாழ 80 பில்லியன் டாலர் நிதியும் போன்ற சில. நிறுவன வரி இன்றும் 21தான். 87,000 வரி அலுவலர்கள் துப்பாக்கியோடு வீட்டுக்கு வருவார்கள் என்று பரப்பப்பட்டதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பத்தாண்டுகளில் ஓய்வு பெறுவோர்க்கு மாற்றாக வருவோரையும் எழுத்தர்களையும் சேர்த்துக் கூட்டிய எண் அது.

ஒன்றை மட்டும் விலக்காகச் சொல்வேன். 2021 மார்ச்சில் நிறைவேறிய 1.9 டிரில்லியன் டாலர் மீட்புச் சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 350 பில்லியன் டாலர் ஒதுக்கியது. அந்த நிதியைக் கொண்டு நேரடியாகவோ மறைமுகமாகவோ மாநில வரிக் குறைப்பை ஈடுகட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை அதில் இருந்தது. 'மறைமுகமாக' என்ற சொல்லின் எல்லை எது? பணம் எல்லாம் ஒரே கருவூலத்தில் கலக்கும்போது எந்த வரிக்குறைப்பும் மறைமுகமாக அதில் அடங்கும். ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா முதலிய மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. 2023 தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 13 மாநிலங்களின் பக்கம் நின்றது. ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்காக நம் மாநிலங்கள் தில்லியில் நின்ற காட்சியைப் பார்த்தவர்கள் ஒஹையோவின் கோபத்தைக் கேலி செய்ய மாட்டார்கள்.

நிர்வாக அதிகாரத்தில் பைடன் எல்லை மீறினார் என்பதற்கு நீதிமன்ற ஏடுகளே சான்று. வாடகைதாரர்களை வெளியேற்றத் தடை விதித்த ஆணை 2021 சூலைக்கு மேல் நீள நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டும் என்று நீதிபதி கவனா எழுதியிருந்தும், ஆகஸ்டு 3 அன்று புதிய ஆணை வந்தது. அம்மாதமே நீதிமன்றம் அதை நிறுத்தியது. பெரிய நிறுவனத் தொழிலாளர் சுமார் 8.4 கோடிப் பேருக்குத் தடுப்பூசி அல்லது பரிசோதனை என்ற விதி 2022 சனவரியில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 400 பில்லியன் டாலர் மதிப்புள்ள கல்விக்கடன் தள்ளுபடி 2023 சூனில் வீழ்ந்தது. மாணவனாக எனக்கு அந்தத் தள்ளுபடியின் மீது பரிவு உண்டு. ஆனால் 2003 இல் போர்ச்சூழலை முன்னிட்டு இயற்றிய ஒரு சட்டத்திலிருந்து அவ்வளவு பெரிய அதிகாரத்தைப் பிழிந்தெடுத்ததை என்னால் சட்டமாக ஏற்க இயலவில்லை. இங்கேயும் முன்கதை உண்டு. வெளியேற்றத் தடையின் முதல் ஆணை 2020 செப்டம்பரில், டிரம்ப் ஆட்சியில் பிறந்தது.

இதற்கெல்லாம் பின்னணியில் இருந்தது 1984 ஆம் ஆண்டின் செவ்ரான் தீர்ப்பு. சட்டத்தின் சொல் தெளிவற்றிருந்தால் துறையின் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்றது அது. இன்று பழமைவாதிகளின் தலையாய பகையாக அது பேசப்படுகிறது. ஆனால் அது பிறந்தபோது ரேகன் அரசின் வெற்றி. தொழிற்சாலைகளுக்குச் சலுகை தந்த சுற்றுச்சூழல் விதியைக் காத்த தீர்ப்பு. அந்த விதி வெளியானபோது சுற்றுச்சூழல் முகமையின் தலைவராக இருந்தவர் ஆன் கோர்சச். 2024 சூனில் உச்ச நீதிமன்றம் செவ்ரானைக் கைவிட்டபோது நீண்ட உடன்பாட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கோர்சச் அவருடைய மகன். செவ்ரானைக் கவிழ்த்த அந்த மீனவர் வழக்கின் மூலவிதியும் 2020 இல், டிரம்ப் ஆட்சியில் வந்ததே.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு 2025க்கு வருவோம். முதல் நாளில் பைடன் 17 என்றால் டிரம்ப் அன்று கையெழுத்திட்ட நிர்வாக ஆணைகள் மட்டுமே 26. எண்ணிக்கையை விடுவோம். வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்பது அவர்களுடைய அரசமைப்பின் முதற்கூறு. சுங்கத் தீர்வையும் வரியே. 1977 ஆம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தில் 'தீர்வை' என்ற சொல்லே இல்லை. அதைக் கொண்டு ஏப்ரலில் உலகம் முழுவதற்கும் தீர்வை விதிக்கப்பட்டது. இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25, பிறகு ருஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இன்னொரு 25, ஆக 2025 ஆகஸ்டு 27 அன்று அது 50 விழுக்காடு ஆனது. அமெரிக்கச் சந்தையை நம்பிய திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு அது எத்தகைய அடி என்பதைத் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாஷிங்டனில் யாரும் வாக்களிக்காத ஒரு வரி, ஒற்றைக் கையெழுத்தில், நம் ஊர்த் தையல் எந்திரத்தை நிறுத்த முடியும். அமெரிக்க நிர்வாக அதிகாரம் பற்றிய விவாதம் நமக்குத் தொலைவானது என்று இனியும் எண்ணுவோர்க்கு இது போதும்.

2021 இல் பேனாவால் ஆள்வதா என்று குமுறிய அவை உறுப்பினர்கள் இப்போது என்ன செய்தனர்? செனட்டில் ராண்ட் பால், மக்கானல், காலின்ஸ், முர்கௌஸ்கி ஆகிய நால்வர் அக்டோபர் இறுதியில் எதிர்த்து வாக்களித்தனர். பிரதிநிதிகள் சபையில் நடந்தது தனிச்சுவை. அவசரநிலையை நீக்கும் தீர்மானம் வந்தால் குறிப்பிட்ட நாள்களுக்குள் அவை அதை எடுத்தாக வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே மார்ச்சில் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை ஒரு விதி இயற்றியது: இந்த அவசரநிலையைப் பொறுத்தவரை, கூட்டத்தொடரின் எஞ்சிய நாள்கள் நாள்களாகவே கணக்கில் வாரா. வாக்களிப்பதைத் தவிர்க்கப் பஞ்சாங்கத்தையே நிறுத்திவைத்த அவையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் எல்லாரும் அப்படி இல்லை. கார்கிலுக்காக டிரம்ப் கால விதியை எதிர்த்து வாதாடிய 'நியூ சிவில் லிபர்ட்டீஸ் அலையன்ஸ்' என்ற அமைப்புதான் 2025 ஏப்ரல் முதல் வாரத்தில், ஒரு புளோரிடா எழுதுபொருள் நிறுவனத்திற்காக, டிரம்பின் சீனத் தீர்வைகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. நவம்பர் 5 அன்று தீர்வை வழக்குகளை உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, ஒருமுறை கைவிட்ட அதிகாரத்தை நாடாளுமன்றம் எப்படித் திரும்பப் பெறும், திரும்பப் பெறும் சட்டத்தையும் ஆட்சித்தலைவர் மறுதலிக்கலாமே என்று அரசு வழக்கறிஞரை விடாமல் கேட்டவர் அதே கோர்சச். 2025 டிசம்பரில் நான் இதை எழுதியபோது தீர்ப்பு வந்திருக்கவில்லை. இவர்கள் சிறுபான்மையினர். பழமைவாதக் கோபத்தை ஒரு கருத்தியலாக எடுத்து ஆராய விரும்பும் நாம் படிக்க வேண்டியது இவர்களையே. தொலைக்காட்சியில் கத்துவோரை அன்று.

நம் நாட்டைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். பூனாவின் கோகலே நிறுவனத்தில் பொருளியல் ஆய்வாளராக இருந்த டி.சி.வாத்வா, பீகாரின் நில உரிமைச் சட்டங்களைத் தேடப்போன இடத்தில், 1967க்கும் 1981க்கும் இடையில் அம்மாநிலம் 256 அவசரச் சட்டங்களைப் பிறப்பித்ததையும், அவற்றுள் சில சட்டமன்றத்தின் முகத்தையே பாராமல் 14 ஆண்டு வரை மறுபிறப்பெடுத்து வாழ்ந்ததையும் கண்டார். அவரே வழக்குத் தொடுத்தார். 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தை அரசமைப்பின் மீதான மோசடி என்றது. அந்த அவசரச் சட்டங்களுள் நல்லவை எவை, தீயவை எவை என்று பிரித்து, பிடித்தவற்றை விட்டுவிட்டு அவர் வழக்குத் தொடுக்கவில்லை.

மறுநாள் அந்த மாணவரைத் தேநீர்க் கடையில் பார்த்து இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த வரியைத் திருத்தி எழுதுவதாகவும் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்: "அண்ணா, 2018 இல் டிரம்ப் பம்ப் ஸ்டாக்கைத் தடைசெய்த செய்தி வந்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியம் என்று விடுதி அறையில் உரக்கச் சொன்னேன். எந்தச் சட்டப்படி என்று அன்று நான் கேட்கவில்லை.